‘மனிதன்’ என்னும் சொல்லுக்குள் பெண் உண்டா?

தமிழ் இலக்கணம் கற்கப் புகும் சிறுவன் முதற்கண் அறிவது திணையும் பாலுமாகும். உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பால். இம்மூன்றனுள் பலர்பால் ஆணையும் பெண்ணையும் பிரித்து நோக்குவதில்லை. ‘வந்தார்கள்’ என்றால் யாவரும் வந்தார்கள். அரபு இலக்கணம் இவ்வாறன்று. அங்கே பன்மையிலும் ஆண்பால் வேறு, பெண்பால் வேறு. ஆயிரம் பெண்கள் கூடிய அவையில் ஓர் ஆடவர் இருந்தாலும் அவ்வவைக்கு ஆண்பால் பன்மையே வழங்கும். ‘முஸ்லிமூன்’ என்னும் சொல்லில் ‘முஸ்லிமாத்’ அடக்கம் என்பது மத்ரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிந்த விதி.

இது மொழி மரபுதானே, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கத் தோன்றும். இலக்கண நூலோடு நின்றுவிட்டால் நட்டம் ஏதுமில்லை. ஆனால் அதே சொல் சாசனத்திலும் சட்டத்திலும் ஏறும்போது அது வாக்குரிமையாகவும் சொத்தாகவும் மண முறிவாகவும் மாறிவிடுகிறது. இன்று உலக அரசியலில் பெரிதும் பேசப்படும் ‘ஜெண்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நெடுங்காலம் இலக்கணத்துக்குள் அடங்கிக் கிடந்த சொல்லேயாகும். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அது அரசியல் மேடை ஏறிற்று. ஆனால் சொல் ஏறுமுன்பே வழக்கு தொடங்கிவிட்டது. அவ்வழக்கில் நம் துணைக்கண்டத்து முஸ்லிம் பெண்மணிகள் இருவர் வாதாடினர் என்பதை நம்மில் பலர் கேள்வியுற்றதே இல்லை.

1789ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சியாளர் ‘மனிதனின் உரிமைகள்’ என்று பெயரிட்டு ஒரு பிரகடனம் வெளியிட்டனர். அதில் ‘மனிதன்’ என்றது மனித குலம் முழுவதையுமே என்று நம்பிய ஒலிம்ப் து கூஜ் என்னும் பெண் எழுத்தாளர், நடைமுறை வேறாக இருக்கக் கண்டு, 1791இல் பெண்ணின் உரிமைகள் எனத் தனியாகவே ஒரு பிரகடனம் எழுதினார். இரண்டாண்டு கழித்து, 1793இல், அரசியல் காரணங்களுக்காக அவர் தலை வெட்டப்பட்டது. அந்தப் பிரெஞ்சு நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை சட்டமானது 1944இல். கலீஃபாவின் ஆட்சி முடிந்து பத்தே ஆண்டுகளில், 1934இல், துருக்கிப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றுவிட்டனர் என்பதை இங்கே குறித்து வைப்பது தவறாகாது.

கனடாவின் கதை இன்னும் வியப்பானது. செனட் சபைக்கு நியமிக்கத் தகுதியுள்ள ‘நபர்கள்’ என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் கூறியது. பெண் ‘நபர்’ ஆவாளா என்று ஐந்து பெண்கள் வழக்காடினர். ஆகாள் என்று 1928இல் கனடாவின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றி, ஆவாள் என்றது. நம் சென்னை உயர் நீதிமன்றத்து மேல்முறையீடுகளும் அக்காலத்தில் அந்தக் கவுன்சிலுக்குத்தான் சென்றன. ‘நபர்’ என்னும் சொல்லில் பெண் உண்டு என்பதை நிறுவ 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், ‘மனிதன்’ என்னும் சொல்லை நம்ப முடியாது என்று பெண்கள் கருதியதில் வியப்பென்ன?

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 ஏப்ரல் இறுதியில், ஐம்பது நாடுகளின் பிரதிநிதிகள் சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தை வகுத்தனர். நூற்றுக்கணக்கான ஆடவர் கூடிய அம்மாநாட்டில், ஜூன் 26ஆம் நாள் சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்கள் நால்வரே. பிரேசிலின் பெர்த்தா லுட்ஸ், டொமினிக்கக் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, சீனாவின் வூ யீஃபாங், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் என்போர் அவர்கள். ஆண், பெண் இருபாலரின் சம உரிமை என்னும் சொற்றொடர் சாசனத்தின் முகப்புரையில் இன்றும் நின்று நிலவுகிறது. அது தானாக வந்து அமர்ந்ததன்று. லுட்ஸ் அம்மையாரும் பெர்னார்டினோ அம்மையாரும், ஆஸ்திரேலியக் குழுவில் வந்திருந்த ஜெஸ்ஸி ஸ்ட்ரீட் அம்மையாரும் முனைந்து நின்று பெற்றது. ஐ.நா.வின் எப்பதவிக்கும் ஆண் பெண் வேறுபாடு கூடாது என்னும் எட்டாம் விதியும் அவ்வாறு பெற்றதே. பெண்களுக்கென்று எதையும் தனியே கேட்க வேண்டாம், அது நாகரிகமாகாது என்று அமெரிக்கப் பெண் பிரதிநிதியே தமக்கு அறிவுரை கூறியதாக லுட்ஸ் பின்னாளில் எழுதி வைத்துள்ளார். லுட்ஸ் அரசியல்வாதியாக மட்டும் வாழ்ந்தவரல்லர். ரியோ நகர அருங்காட்சியகத்தில் தவளைகளை ஆராய்ந்த உயிரியல் அறிஞர். இனங்களைப் பிரித்தறிந்து பெயரிடும் பழக்கம் உடையவருக்குச் சொல்லின் அருமை தெரிந்திருந்தது போலும்.

பெண்ணுரிமை என்பது மேலைநாட்டார் கீழைநாட்டார் மீது சுமத்திய சரக்கு என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். சான்பிரான்சிஸ்கோவின் ஏடுகள் அவ்வாறு சொல்லவில்லை. வல்லரசுகளின் பிரதிநிதிகள் ‘தேவையில்லை’ என்றிருந்தனர். கேட்டவர்கள் தென் அமெரிக்கரும் கரீபியத் தீவினருமே.

அடுத்த ஆண்டு, 1946 ஜூனில், பெண்களின் நிலை குறித்து ஆராய ஐ.நா. ஓர் ஆணையம் அமைத்தது. பதினைந்து நாடுகள் இடம்பெற்ற அவ்வாணையம் 1947 பிப்ரவரியில் நியூயார்க்கை அடுத்த லேக் சக்ஸஸ் என்னும் ஊரில் முதன்முறை கூடிற்று. துருக்கியும் சிரியாவும் அதில் இருந்தன. இந்தியாவின் சார்பில் சென்று அமர்ந்தவர் பேகம் ஷரீஃபா ஹாமித் அலி. பரோடா சமஸ்தானத்துத் தலைமை நீதிபதியாக இருந்து, பின்னர் காந்தியடிகளுடன் இணைந்து, 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் அடிகள் கைதானபின் தலைமை ஏற்ற அப்பாஸ் தையப்ஜியின் மகளார் இவர். அனைத்திந்திய மாதர் மாநாட்டின் தலைவர்களுள் ஒருவர். குழந்தை மணத்தைத் தடுக்க எழுந்த 1929ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக ஊர் ஊராகப் பேசியவர். நமக்கு இவரிடம் பிடித்தது மற்றொன்று. முஸ்லிம் பெண்களுக்காக ஒரு மாதிரி நிக்காஹ் நாமாவை இவர் வகுத்தார். நிக்காஹ் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் ஷர்த்துகளைச் சேர்க்கலாம். தலாக்கின் அதிகாரத்தையே கணவன் மனைவிக்கு ஒப்படைக்கும் ‘தஃப்வீளுத் தலாக்’ நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாக உள்ளது. நாம் கிதாபில் படித்துவிட்டு மூடி வைத்ததை அந்த அம்மையார் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

அதே பரோடாவில் திவானாக இருந்த மனுபாய் மேத்தாவின் மகளார் ஹன்சா மேத்தா. இவர் இந்தியாவின் சார்பில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இருந்தார். பதினெட்டு நாட்டார் அமர்ந்த அவ்வாணையத்தில் தலைவி எலினோர் ரூஸ்வெல்ட்டை விட்டால் வேறு பெண் பிரதிநிதி இவர் ஒருவரே. பிரகடனத்தின் முதல் விதி ‘எல்லா ஆடவரும்’ என்றும் ‘எல்லா மனிதரும்’ என்றும் பொருள் கொள்ளத்தக்க ஆங்கிலச் சொல்லோடு தொடங்கியிருந்தது. அது பெண்ணையும் உள்ளடக்கும் என்றே அமெரிக்கப் பெண்கள் கொள்கின்றனர் என்றார் ரூஸ்வெல்ட் அம்மையார். சில நாடுகளில் அச்சொல்லையே பிடித்துக்கொண்டு பெண்ணுக்குக் கதவடைப்பர் என்றார் ஹன்சா மேத்தா. பெண்கள் நிலை ஆணையமும் இதே கருத்தை வற்புறுத்தியது. முடிவில் ‘மனிதப் பிறவிகள் யாவரும்’ என்று பொருள்படும்படி அது திருத்தப்பட்டது. எனினும் வேலை முழுதும் முடிந்ததாகச் சொல்வதற்கில்லை. அதே முதல் விதியின் கடைசிச் சொல் ‘சகோதரத்துவம்’. ஆங்கிலத்தில் அது அண்ணன் தம்பியரை மட்டுமே சுட்டும். வாழ்க்கைத் தரம் பற்றிய 25ஆம் விதியோ ‘அவனும் அவன் குடும்பமும்’ என்றே இன்றும் பேசுகிறது.

இந்தத் திருத்தம் பற்றி முதன்முதல் படித்தபோது நம் உள்ளம் நேரே மதீனாவுக்குச் சென்றது. ஆடவர் குறிப்பிடப்படுவது போல் பெண்களாகிய நாங்கள் குர்ஆனில் ஏன் குறிப்பிடப்படுவதில்லை என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அதன்பின் இறங்கியதே அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அவ்வசனம் பத்துப் பண்புகளை எடுத்துரைத்து, ஒவ்வொன்றிலும் ஆண்பாலையும் பெண்பாலையும் இணைத்தே நிறுத்துகிறது. அரபு இலக்கணப்படி அதற்குத் தேவை இல்லை. ஆண்பால் பன்மை ஒன்றே போதும். தேவையில்லாத இடத்தில் பெண்பாலைத் தனியே சொன்னது ஏன் என்று முஃபஸ்ஸிர்கள் விரித்துரைத்துள்ளனர். கேள்வி கேட்ட அன்னையாரை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்பது நாம் கவனிக்கத் தக்கது.

இனிப் பாரிஸ் மாநகருக்கு வருவோம். 1948 இலையுதிர் காலத்தில், பிரகடனத்தின் நகல் ஐ.நா. பொதுச் சபையின் மூன்றாம் குழுவில் விதி விதியாக அலசப்பட்டது. தலைமை வகித்தவர் லெபனானின் சார்ல்ஸ் மாலிக். எண்பதுக்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன. திருமணம் பற்றிய 16ஆம் விதி வந்தபோது விவாதம் சூடேறிற்று. முழு வயது எய்திய ஆணும் பெண்ணும் இனம், நாட்டுரிமை, மதம் காரணமான தடையின்றி மணந்து குடும்பம் அமைக்கலாம். மணத்திலும், மண வாழ்விலும், மண முறிவிலும் இருவர்க்கும் சம உரிமை உண்டு என்பது அவ்விதியின் சாரம்.

சவூதி அரேபியாவின் பிரதிநிதி ஜமீல் பாரூதி ஒரு திருத்தம் கொணர்ந்தார். ‘முழு வயது’ என்பதற்குப் பகரமாக ‘சட்டப்படியான மண வயது’ என்றும், ‘சம உரிமை’ என்பதற்குப் பகரமாக ‘அந்தந்த நாட்டு மணச் சட்டம் வரையறுக்கும் முழு உரிமைகள்’ என்றும் மாற்ற வேண்டும் என்றார். உலக நாடுகளின் வழக்கங்கள் வேறு வேறு. மேலைநாட்டுக் குடும்ப முறையை அளவுகோலாக்கி எல்லாரையும் அளப்பது தகாது என்பது அவர் வாதம். பாரூதி லெபனானில் பிறந்த கிறித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. குடியேற்ற நாடுகளை அடக்கி ஆண்டுகொண்டே மனித உரிமை பேசியவர்கள் அதே மேசையில்தான் அமர்ந்திருந்தனர்.

அத்திருத்தத்தை மறுத்து எழுந்தவர் பாகிஸ்தானின் பிரதிநிதி பேகம் ஷாயிஸ்தா சுஹ்ரவர்தி இக்ராமுல்லாஹ். 1915இல் கல்கத்தாவில் பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த மருத்துவர் ஹஸன் சுஹ்ரவர்தியின் மகளார். பர்தாவுக்குள் வளர்ந்து, உருது நாவலையும் சிறுகதையையும் ஆராய்ந்து 1940இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பாகிஸ்தானின் முதல் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற இரு பெண்களுள் ஒருவர். மற்றவர் பேகம் ஜஹானாரா ஷாநவாஸ்.

இக்ராமுல்லாஹ் அம்மையார் கூறியதன் கருத்து இதுவே: அவரவர் நாட்டுச் சட்டம் தரும் உரிமை என்று எழுதிவிட்டால், பெண்ணுக்குப் பாதகமான சட்டங்கள் உள்ள நாடுகள் அவற்றை அப்படியே நடத்திக்கொண்டு போக வழி ஏற்படும். இவ்விதியின் நோக்கமே குழந்தை மணத்தையும், பெண்ணின் சம்மதமின்றி நடத்தப்படும் மணத்தையும் தடுப்பது. ‘முழு வயது’ என்பதை முதிர்ச்சியடைந்த வயது என்றே தாம் கொள்வதாகவும், ‘சம உரிமை’ என்பது ‘ஒரே மாதிரியான உரிமை’ என்று பொருள்படாது என்றும் அவர் விளக்கினார்.

இந்த இறுதி விளக்கம் ஊன்றி நோக்கத்தக்கது. சமம் என்பது வேறு, ஒன்றுபோல் இருத்தல் என்பது வேறு. மஹர் கொடுப்பதும் குடும்பச் செலவு ஏற்பதும் கணவன் கடமை. மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. இவை ஒன்றுபோன்றவை அல்ல. இதனை அறிந்தவராகவே, இதனை விட்டுக் கொடுக்காமலேயே, அவர் அவ்விதியை ஆதரித்தார். சவூதித் திருத்தம் தோற்றது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் 48 நாடுகள் ஆதரிக்க, ஒரு நாடும் எதிர்க்காமல், எட்டு நாடுகள் நடுநிலை வகிக்கப் பிரகடனம் நிறைவேறிற்று. நடுநிலை வகித்த எட்டில் முஸ்லிம் நாடு சவூதி அரேபியா ஒன்றே. எகிப்தும் ஈரானும் ஈராக்கும் சிரியாவும் துருக்கியும் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் ஆதரித்தே வாக்களித்தன. ‘மதம் காரணமான தடையின்றி’ என்ற சொற்கள் மட்டும் நம்மவர் தொண்டையில் அன்றுமுதல் முள்ளாகச் சிக்கியுள்ளன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எகிப்துப் பிரதிநிதியும் அதுபற்றித் தம் நாட்டு நிலையைச் சொல்லிவிட்டே வாக்களித்தார்.

ஒரு வேடிக்கை. அப்பிரகடனம் அரபு நாடுகளில் நெடுங்காலம் வழங்கிவந்த மொழிபெயர்ப்பை எடுத்து 16ஆம் விதியைப் பார்த்தோம். ‘முழு வயது’ என்ற இடத்தில் ‘ஸின்னுஸ் ஸவாஜ்’, அதாவது ‘மண வயது’ என்று இருக்கிறது. குழுவில் வாக்கெடுப்பில் தோற்ற பாரூதியின் சொல், மொழிபெயர்ப்பாளரின் பேனா வழியே பாதியளவு உள்ளே வந்துவிட்டது! பிற்காலத்துப் பதிப்பில் இது ‘ஸின்னுல் புலூக்’, பருவ வயது, என மாறியுள்ளது. ஷாயிஸ்தா அம்மையார் கொண்ட ‘முதிர்ந்த வயது’ இரண்டிலும் இல்லை. புலூக் எய்துவது ஒன்று, ருஷ்து என்னும் அறிவு முதிர்ச்சி எய்துவது மற்றொன்று என்பதை அநாதைகளின் சொத்து பற்றிய பாடத்தில் நாம் மாணவர்க்கு நடத்துகிறோம். ‘ருஷ்து’ என்று யாரேனும் பெயர்த்திருக்கலாம். மாறாக, முதல் விதிக்கு அரபு வாய்ப்பாக அமைந்தது. ‘ஜமீஉன்னாஸ்’ என்றால் தீர்ந்தது. ‘நாஸ்’ என்பதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

அதன்பின் உடன்படிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெண்களின் அரசியல் உரிமை பற்றி 1952இல், மணமான பெண்ணின் நாட்டுரிமை பற்றி 1957இல், மணத்திற்குச் சம்மதமும் குறைந்த அளவு வயதும் பற்றி 1962இல். இவையனைத்தையும் திரட்டிப் பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கை 1979 டிசம்பர் 18ஆம் நாள், 130 நாடுகளின் வாக்கால், எதிர்ப்பின்றி நிறைவேறி, 1981 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1980இல் கையெழுத்திட்டதோடு சரி, உறுதிப்படுத்தவே இல்லை.

இவ்வுடன்படிக்கையிலும் திருமணம் பற்றிய விதியின் எண் 16 ஆக அமைந்தது. எகிப்து 1981இல் ஏற்றபோது அவ்விதிக்கு ஒரு விலக்குக் குறிப்பு எழுதிற்று. ஷரீஅத் கணவன்மீது மஹரையும் பராமரிப்பையும் சுமத்துகிறது, மனைவிக்குத் தன் சொத்தின்மீது முழு உரிமை தருகிறது. இவை ஒன்றுக்கொன்று ஈடானவை. ஆகவே மண முறிவில் இருவர்க்கும் ஒரே முறை இருக்க இயலாது என்பது அக்குறிப்பின் கருத்து. வாசகர்கள் இதனை ஷாயிஸ்தா அம்மையாரின் விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். ‘சமம் என்பது ஒன்றுபோல் இருத்தல் அன்று’ என்ற அதே அடிப்படைதான் இரண்டிலும். அவர் அதனை வைத்து விதிக்குள் நுழைந்தார்; எகிப்து அதனை வைத்து விதியினின்று வெளியேறிற்று. ஒரே நியாயம் கதவைத் திறக்கவும் பயன்பட்டது, அடைக்கவும் பயன்பட்டது. மொராக்கோ 2011இலும் டூனீஷியா 2014இலும் தத்தம் விலக்குகளைத் திரும்பப் பெற்றன.

1995இல் பீஜிங் மாநாட்டில் 189 நாடுகள் கூடியபோது ‘ஜெண்டர்’ என்ற சொல்லே சண்டைக்குரியதாயிற்று. அதன் பொருள் என்ன என்று முடிவு செய்யத் தனிக் குழு அமைத்து, ஐ.நா. வழக்கில் அது எப்பொருளில் வழங்கிவந்ததோ அப்பொருளே என்று சொல்லிக் கலைந்தனர். அகராதி தொகுப்பவர் எவரும் இந்த விடையை ஏற்கமாட்டார். அரபியர் இதனை ‘அந்நவ்உல் இஜ்திமாஈ’, சமூகவழி வகை, என்று பெயர்த்தனர். பிறப்பால் வந்தது ‘ஜின்ஸ்’, வளர்ப்பாலும் வழக்கத்தாலும் வந்தது ‘நவ்உ’ என்னும் பிரிவு நமக்குப் பயனுடையதாகவே தோன்றுகிறது. பெண் பிள்ளை பெறுவது ஜின்ஸ். பெண் கடைக்குப் போகலாகாது என்பது ஊர் வழக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘இறை நியதி’ என்று பெயரிட்டுவிடுவோர் நம்மிடையே அதிகம்.

இந்தியா அவ்வுடன்படிக்கையை 1993 ஜூலையில் உறுதிப்படுத்திற்று. அப்போது ஓர் அறிவிப்பும் சேர்த்தது: எந்தச் சமுதாயத்தின் சொந்த விவகாரங்களிலும் அச்சமுதாயத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இன்றித் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு இணங்கவே 16ஆம் விதியின் முற்பகுதியைக் கடைப்பிடிப்போம் என்று.

சமுதாயத்தின் முன்முயற்சி என்பது வெறுங்கனவன்று. ஹனஃபி சட்டப்படி, காணாமற்போனவனின் மனைவி அவன் வயதொத்தார் மடியும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் நிலை இருந்தது; தொண்ணூறு ஆண்டு என்றும் கணக்கிட்டனர். கொடுமை தாளாத பெண்கள் சிலர், குறிப்பாகப் பஞ்சாபில், மார்க்கத்தையே துறந்து மண விலங்கினின்று விடுபட முயன்றனர். இதனைக் கண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா கேட்டுப் பெற்று ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ என்னும் நூலை எழுதினார்கள். அதன் வழியே காஜி முஹம்மது அஹ்மத் காஸ்மி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதா, 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மண முறிவுச் சட்டமாயிற்று. நான்காண்டு கணவன் செய்தி தெரியாவிட்டாலும், ஈராண்டு பராமரிப்பு இல்லாவிட்டாலும் மனைவி நீதிமன்றம் செல்லலாம் என்றது அச்சட்டம். ஓர் ஆலிமின் பேனாவில் தொடங்கிய வேலை அது.

1993ஆம் ஆண்டு அறிவிப்பில் உள்ள ‘சமுதாயம்’ என்னும் சொல் யாரைக் குறிக்கிறது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. நம் ஊர்களில் பலவற்றின் ஜமாஅத் தலைக்கட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். அது ஆடவர் பெயராக இருக்கும். கணவரை இழந்தவரின் வீட்டுக்கு எதிரே வரி இல்லை என்று எழுதியிருக்கும். வரி இல்லாதவருக்கு மஷ்வராவுக்கு அழைப்பும் வருவதில்லை.